மகள் கட்டுப் போட்ட அன்று தட்டை மாற்றினேன்!

அம்மாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. சர்க்கரை நோயால் வந்த புண். தினமும் காலையில் கட்டைப் பிரித்து, புண்ணைச் சுத்தம் செய்து, மருந்து வைத்துப் புதுக் கட்டுப் போடுவது என் வேலை. ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள், பிளஸ் டூ படிக்கும் என் மகள் அந்த வேலையை முடித்திருந்தாள். முகம் சுளிக்கவில்லை. கை நடுங்கவில்லை. ‘வலிக்குதுங்களா அமுச்சி?’ என்று கேட்டுக்கொண்டே பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பெருமைப்பட வேண்டிய நேரம். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. அதற்கு முந்தைய வாரம்தான் என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 9.2. இது 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய். இவள் அடுத்து யாருக்குக் கட்டுப் போடப்போகிறாள்?

எனக்கு வயது 45. எடை 78 கிலோ. இதற்கு முன் நான்கு முறை டயட் தொடங்கியிருக்கிறேன். எல்லாமே யாராவது ஒருவருடைய கல்யாணத்துக்குப் புடவை கட்ட வேண்டும் என்பதற்காக. கல்யாணம் முடியும், டயட்டும் முடியும். இந்த முறை காரணம் வேறு.

தட்டில் இருந்து போனவை

ஒப்பணக்காரர் வீதியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு உக்கடத்தில். நம் ஊரில் தெருவுக்கு ஒரு பேக்கரி. பதினொரு மணிக்கு டீயும் தேங்காய் பன்னும், நாலு மணிக்கு டீயும் பப்ஸும். வீட்டுக்கு நடந்து வரும்போது தள்ளுவண்டிக் காளான். ராத்திரி வீட்டில் சோறு. ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் நோட்டில் எழுதிப் பார்த்தபோது, காய்கறி என்ற பெயரில் நான் சாப்பிட்டது சாம்பாரில் மிதந்த முருங்கைக்காய் மட்டும்தான்.

சர்க்கரை, மைதா, பேக்கரிப் பண்டம், எண்ணெயில் பொரித்தது, பாக்கெட்டில் வருவது, வெள்ளை அரிசி என எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். வேகத்தில் பால், தயிரையும் நிறுத்தினேன். மண்ணில் விளைந்தது, தண்ணீரில் பிடித்தது, அதையும் வீட்டில் சமைத்தது மட்டும் என்பது என் கணக்கு.

காலையில் முளைகட்டிய பச்சைப்பயறும் ஒரு முட்டையும். மதியம் கீரை கடைசல், இரண்டு காய், கைப்பிடி வரகுச் சோறு, கொள்ளு ரசம். ராத்திரி காயோடு குழம்பு மீன். உக்கடம் மீன் மார்க்கெட் பக்கத்திலேயே இருப்பதால் மத்தியும் அயிலையும் கட்டுப்படியான விலையில் கிடைத்தன. எல்லாம் நம் பாட்டிமார் சமைத்ததுதான்.

ஒரு விஷயத்தில் நானும் ஏமாந்தேன். சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைத்து முதல் வாரம் ராகிக் கூழை இரண்டு சொம்பு குடித்தேன். சர்க்கரை ஏறியது. அரிசியைப் போலவே ராகியிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூடுதல், 100 கிராமில் 300 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் என நல்லது நிறைய இருக்கிறது. ஆனாலும் நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் கலந்துவிடும். அளவும் பக்குவமும்தான் முக்கியம்.

கடையில் வந்த நடுக்கம்

மூன்றாவது வாரம். காலை பதினொன்றரை மணி. கணக்கு நோட்டில் எழுத்து ஆடியது. உடம்பெல்லாம் வியர்வை, கை கால் நடுக்கம். பக்கத்து சீட் அக்கா சர்க்கரை போட்ட டீயைக் குடிக்க வைத்தார். பையில் இருந்த கருவியில் பார்த்தால் 58. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து.

தப்பு என்னுடையது. உணவைத் தலைகீழாக மாற்றிவிட்டு டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போட்டுவந்த கிளிமிபிரைடு மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. சாப்பாட்டில் மாவுச்சத்து குறைந்தது அதற்குத் தெரியாது. அது பாட்டுக்கு வேலை செய்யும். ‘சாப்பாட்டை மாத்தறதுக்கு முன்னாடியே வந்து சொல்லியிருக்கோணும்மா’ என்று திட்டிவிட்டு, டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்கள் பயறு, கீரையைக் கூட்டுவதற்கு முன் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மா சொன்ன ஆட்டுப்பால்

நான் அப்போதும் பிடிவாதமாகத்தான் இருந்தேன். டாக்டர் தயிர் சேர்த்துக்கொள்ளச் சொன்னார், நான் மாட்டேன் என்றேன். அம்மாதான் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: ‘காந்தியே ஆட்டுப்பால் குடிச்சாரு கண்ணு. நீ பெருசா வந்துட்ட!’

உக்கடத்திலிருந்து ஆத்துப்பாலம் தாண்டினால் சற்றுத் தூரத்தில் போத்தனூர். 1934-ல் காந்தி அங்கே வந்து தங்கியிருக்கிறார். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குக் காந்தி கதை பழக்கம். அம்மா சொன்னதைத் தேடிப் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது, 1912-ல் காந்தி பாலை விட்டார். 1918-ல் கேடாவில் கடும் வயிற்றுப்போக்கு வந்து சாவின் விளிம்புக்குப் போனார். பால் இல்லாமல் உடம்பு தேறாது என்றார் டாக்டர். சபதம் எடுத்தபோது மனதில் இருந்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி சொன்னவர் கஸ்தூரிபா. சபதத்தின் உயிரை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் காந்திக்குக் கடைசிவரை இருந்தது. ஆனாலும் குடித்தார், பிழைத்தார். 1929-ல் சமைக்காத உணவு மட்டும் என்று ஒரு சோதனை செய்தார். மீண்டும் வயிற்றுப்போக்கு வர, அதையும் நிறுத்தினார். இரண்டையும் அவரே எழுதி ஊரறியச் சொன்னார்.

அவ்வளவு பெரிய மனிதரே உடம்பு சொன்னதைக் கேட்டுப் பின்வாங்கியிருக்கிறார். நான் ஒரு கிண்ணம் தயிருக்கு அடம் பிடிக்கிறேன். மறுநாளே தயிர் திரும்பி வந்தது.

எனக்குக் கிடைத்த எண்கள்

மூன்று மாதத்தில் 7.3. ஏழாவது மாதம் 6.4. எடை 69 கிலோ. பாதி மாத்திரை இன்னும் தொடர்கிறது. அதனால் நோய் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரையே இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் 6.5-க்குக் கீழே இருந்தால்தான் மருத்துவர்கள் அதை ‘தணிந்த நிலை’ என்கிறார்கள்.

அது நடக்காததும் இல்லை. பிரிட்டனில் 306 பேரிடம் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. டாக்டர்கள் மேற்பார்வையில் குறைந்த கலோரி உணவு எடுத்துக்கொண்டவர்களில் 46 சதவிகிதம் பேருக்கு ஓராண்டில் நோய் தணிந்தது. 15 கிலோவுக்கு மேல் எடை குறைத்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைவதுதான் காரணம் என்கிறார்கள். எல்லோரும் நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள். அம்மாவைப் போல இருபது வருடம் ஆனவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொன்னது. சீக்கிரம் தொடங்குபவர்களுக்கே லாபம் அதிகம்.

இப்போது வீட்டில் இரண்டு சமையல் இல்லை. முதல் மாதம் அப்படிச் செய்து இடுப்பு ஒடிந்தது. குழம்பும் காயும் எல்லோருக்கும் ஒன்று. சோறு மட்டும் அவரவருக்கு வேறு. வாரம் ஒருநாள் அரிசிம்பருப்பு சாதம் நானும் சாப்பிடுகிறேன், அளவாக. காளான் கடையை மட்டும் இன்னும் வேகமாகத்தான் கடக்கிறேன்.

அம்மாவின் புண் ஆறிவிட்டது. ஆனாலும் மகள் தன் வேலையை விடவில்லை. ஞாயிறு காலையில் அமுச்சியின் பாதத்தை செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். அடுத்து என் பக்கம் திரும்பி, ‘நீங்களும் காலைக் காட்டுங்கம்மா’ என்கிறாள். விரல் இடுக்கு வரை பார்த்துவிட்டு, ‘ஒண்ணுமில்லைங்’ என்று டார்ச்சை அணைக்கிறாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனையும்.