சிவப்புக் கீரையும் ஒரு பிடி விதையும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொன்முடி மலையடிவாரத்தில் உள்ள ஊர் வித்துரா. அருகிலுள்ள போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் தலைமுறைகளாக உழைத்தவர்களில் தமிழர் பலர். தொழில் நலிந்தபின் பிழைப்புத் தேடி வெளியேறிய குடும்பங்களும் உண்டு. வீட்டைக் காலி செய்யும்போது கட்டிலும் பாத்திரமும் வண்டியில் ஏறும். கொல்லையில் நின்ற கீரையின் விதையை எடுத்து முடிந்துகொள்ள எத்தனை பேருக்கு நினைவு வருகிறது? பின்னர் நகரத்தில், எங்கே விளைந்தது, என்ன மருந்து தெளித்தது என்று அறியாத கீரையை விலை கொடுத்து வாங்குகிறோம்.

ஊரின் பெயர் தாங்கிய கீரை

அதே மாவட்டத்தில் நெய்யாற்றின்கரைக்கு அருகே விலாத்தாங்கரை என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள உழவர்கள் விதையெடுத்துக் காத்துவந்த அடர்சிவப்புத் தண்டுக்கீரை இன்று அவ்வூரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. வேரோடு பிடுங்காமல், மீண்டும் மீண்டும் அறுத்துப் பயன்படுத்தத்தக்க வகை இது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘அருண்’ என்னும் சிவப்புக் கீரையும் ஒரு நாட்டு வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதே. ஆம், ஆய்வுக்கூடத்திற்கும் மூலதனம் ஏழை உழவனின் விதைச் சேமிப்புதான்!

மாடியில் வளர்ப்பது எப்படி?

ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் இடம் போதும். நிழலில் நிற்கும் செடி மெலிந்து நிறம் மங்கும். மண், மக்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைக் கலந்து தொட்டியில் நிரப்புங்கள். விதை மிகச் சிறியது. ஆகவே மணலுடன் கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை இடுங்கள். எறும்பு விதையை இழுத்துச் செல்லாதபடி தொட்டியைச் சுற்றிச் சிறிது ரவை தூவலாம். மூன்று வாரக் கன்றுகளைப் பிரித்து நடலாம். அறுக்கும்போது அடித்தண்டில் சில கணுக்களை விட்டுவிட்டால் புதிய கிளைகள் துளிர்க்கும்.

இலைப்புள்ளி நோய்

மழைக்காலத்தில் சிவப்புக் கீரையின் இலைகளில் வெளிறிய புள்ளிகள் தோன்றிப் பரவும். இது ஒரு பூஞ்சண நோய். நீரை இலைமேல் வீசி ஊற்றினால், மண்ணிலுள்ள பூஞ்சணம் தெறித்து இலையில் ஏறும். எனவே அடியில் மட்டும் நீர் விடுங்கள். புள்ளி விழுந்த இலைகளை உடனே அகற்றுங்கள். நோயைத் தாங்கும் ‘கோ 1’ போன்ற பச்சைக் கீரையை இடையிடையே நடுவதும் நோய் பரவுவதைக் குறைக்கும்.

விதையைக் காப்பது

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தண்டுக்கீரையின் மகரந்தம் காற்றில் பறக்கும். பச்சையும் சிவப்பும் ஒரே நேரத்தில் பூத்தால் இனம் கலந்துவிடும். ஆகவே பச்சைக் கீரையைப் பூக்குமுன் அறுத்துவிடுங்கள். சிவப்பில் முதலில் பூத்த செடியை விதைக்கு விடாதீர்கள். தாமதமாகப் பூப்பதே அதிக நாள் இலை தரும். நோயற்ற, நிறம் மிகுந்த சில செடிகளை அறுக்காமல் முற்றவிடுங்கள். கதிரை உள்ளங்கையில் தேய்க்கும்போது கருவிதை உதிர்ந்தால் பருவம் வந்துவிட்டது. நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத சீசாவில் ஆண்டைக் குறித்து வையுங்கள்.

சமையலறையில்

இக்கீரையின் செந்நிறம் நீரில் கரையும். எனவே கழுவியபின் நறுக்கி, குறைந்த நீரில், தேங்காய்த் துருவல் சேர்த்துத் தோரனாகச் சமையுங்கள். உணவுடன் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உண்பது நல்லது.

பிரியமானவர்களே, அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது பெரியவர்களிடம் ஒரு பிடி விதை கேட்டு வாங்குங்கள். விளைந்ததும் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு பிடி கொடுங்கள். ஒரே வீட்டில் இருக்கும் விதை ஒரே மழையில் அழிந்துபோகலாம். பத்து வீடுகளில் இருப்பது எளிதில் அழியாது.