நடந்தால் வெளியே வரும் செல்கள்

கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தினமும் கல்வராயன் மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்குப் புற்றுநோய் வராதா? வரும். புகையிலை, சாராயம், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் எதுவும் கால் உழைப்பைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. ஆனாலும் அவர் சந்தேகத்தில் விஷயம் இருக்கிறது.

நம் நோயெதிர்ப்புப் படையில், 1970களில் அடையாளம் காணப்பட்ட 'இயற்கைக் கொல்லி செல்கள்' எனக்கு ரொம்பப் பிடித்தவை. நல்ல செல்களில் பெரும்பாலானவை தம் மேற்பரப்பில் ஓர் அடையாளப் புரதத்தை வைத்திருக்கும். அதே படையின் இன்னொரு பிரிவான டி செல்களிடம் சிக்காமலிருக்கப் பல புற்றுசெல்கள் அதை மறைத்துவிடும். அடையாளம் இல்லாததையே துப்பாகக் கொண்டு கொல்லிசெல் அவற்றைப் பிடிக்கிறது!

இவற்றில் பல ரத்தக்குழாய்ச் சுவரிலும் மண்ணீரலிலும் ஒட்டிக் கிடக்கும். வேகமாக நடந்து இதயம் படபடத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. கோமுகி அணையின் மதகைத் தூக்கியதுபோல் சில நிமிடங்களில் அவை ரத்தத்தில் பாய்கின்றன. ஓய்ந்தபின் ரத்தத்தில் எண்ணிக்கை முன்பைவிடக் குறையும். எதிர்ப்புச் சக்தி வீழ்ந்துவிட்டது என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். அவை திசுக்களுக்குள் ரோந்து போயிருக்கின்றன என்பதே இன்று பலர் ஏற்கும் விளக்கம்.

2016இல் டென்மார்க் ஆய்வாளர்கள், சக்கரத்தில் ஓடிய எலிகளின் கட்டிகள் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததைக் காட்டினார்கள். கொல்லிசெல்களை நீக்கியதும் அந்தப் பலன் மறைந்தது.

மனிதர்களில்? கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் கீமோ முடித்த பெருங்குடல் புற்றுநோயாளிகள் 889 பேரிடம் நடந்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. மூன்றாண்டு பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் எட்டாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 90 சதவீதம். அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 83. காரணம் கொல்லிசெல்தான் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, ஆனால் பலன் நிஜம்.

நம் வீடுகளிலோ, கீமோ முடிந்து வந்தவரை "அசையாம படு" என்று பாசத்தோடு கட்டிலில் கிடத்துகிறோம். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகள் வரிசையாக இருக்கும். நடைக்கு ஒரு வரி இருக்காது. அதையும் எழுதித் தரவேண்டும், கூடவே பழக்கிவிட ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும். அதற்காக, மலையில் சாலை இல்லாமல் நோயாளி நடந்து இறங்குவதை நான் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அங்குள்ளவர்களுக்குச் சாலையும் பரிசோதனையும்தான் முதலில்.

எலும்பில் நோய் பரவியவர்களும் கடும் ரத்தசோகை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. மற்றவர்களும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தெருமுனை வரை ஆரம்பிக்கலாம். பேசிக்கொண்டே நடக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. வேகம் அவ்வளவு போதும்.