தேனில் ஊறும் கொல்லிமலைப் பலா

பலா சீசனில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள், இறங்கும்போது ஒரு பழமும் ஒரு பாட்டில் மலைத்தேனும் வாங்கி வருவது வழக்கம். இரண்டையும் ஒரே ஜாடியில் போட்டால், பள்ளியில் படித்த சவ்வூடுபரவலைக் கண்ணால் பார்க்கலாம்.

கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுங்கள், பால் ஒட்டாது. குழைந்த பழம் ஆகாது. கடித்தால் நறுக்கென்று இருக்கும் சுளைதான் வேண்டும். கொட்டையை எடுத்துவிட்டு, விரல் அகலத்துக்குக் கீறி, ஈரமில்லாத ஜாடியில் போட்டுத் தேனை ஊற்றுங்கள். சுளைகள் மிதக்கும், அவ்வப்போது கிளறிவிடுங்கள்.

சில மணி நேரத்தில் தேன் இளகிவிடும். சுளை துவளும். சுளையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். தேனிலோ ஐந்தில் ஒரு பங்குதான். சுளையின் ஒவ்வொரு செல்லும் அட்டைப்பெட்டிக்குள் ஊதி வைத்த பலூன் மாதிரி: வெளியே விறைப்பான சுவர், உள்ளே மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு தண்ணீரை விடும், சர்க்கரையை விடாது. தண்ணீர் இரு பக்கமும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் தேனில் தண்ணீர் குறைவு என்பதால் உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகம். சவ்வு சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. சவ்வு வழியே தண்ணீர் இப்படி நகர்வதுதான் சவ்வூடுபரவல்.

இதைக் காட்டும் சோதனை பழையது. 1748இல் பிரான்சின் அறிவியலாளர் நொலே, சாராயம் நிரப்பிய குடுவையின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். தண்ணீர் உள்ளே புகுந்து தோல் புடைத்தது. செல் சவ்வில் தண்ணீருக்கென்றே இருக்கும் புரத வழிகளைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரிக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

சுளைக்குள் தேனின் இனிப்பு ஏறுவதையும் சவ்வூடுபரவல் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. சவ்வு உயிரோடு இருக்கும்வரை சர்க்கரை செல்லுக்குள் நுழையாது. தண்ணீரை இழந்து செல் செத்து, சவ்வு கிழிந்த பிறகுதான் இனிப்பு உள்ளே போகிறது. அதற்குப் பெயர் வெறும் பரவல். சுளையை முதலிலேயே ஆவியில் வேகவைத்தால் இனிப்பு சீக்கிரம் ஏறுவதும் இதனால்தான்.

நீர்த்த தேனை அப்படியே விட்டால் நுரைத்துப் புளிக்கும். கெட்டித் தேனில், புளிக்கவைக்கும் ஈஸ்ட் செல்லின் தண்ணீரும் வெளியேறிவிடுவதால் அது பெருக முடியாது. தேன் இளகியதும் அந்தத் தடை போய்விடும். ஆகவே நீர்த்ததை வடித்துவிட்டுப் புதுத்தேன் ஊற்றுங்கள். காய்ச்சிக் கெட்டியாக்கியும் ஊற்றலாம். தேனைச் சுடவைக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள், அது உங்கள் பாடு. தேன் மேற்கொண்டு இளகாத நிலையில் சுளைகளை எடுத்து, மெல்லிய துணி மூடி வெயிலில் உலர்த்துங்கள். வடித்த தேன் எலுமிச்சைச் சாற்றுக்கு ஆகும்.