எஞ்சின் மெய்யாகவே கொதிக்கிறதா?

மோட்டார் காரின் உஷ்ணமானியில் முள் சற்று மேலேறிய மாத்திரத்தில் எஞ்சின் கொதித்துவிட்டதென்று கலங்குவோர் பலர். ஆயினும், பெரும்பாலும் 90 முதல் 105 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் இயங்குமாறே அமைக்கப்பட்ட அவ்வியந்திரத்தில், கை பொறுக்காத சூடு மட்டும் கோளாறுக்கு அத்தாட்சியாகிவிடாது.

ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், வெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஒரு வாயுமண்டல அளவு அழுத்தம் கூடியவிடத்து ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதியாமல் நிற்கும். வண்டியை நிறுத்தியபின் விசிறி சிறிது நேரம் சுழல்வதும், பம்ப் ஓய்ந்து நீரோட்டம் நின்றமையால் முள் சற்றே உயர்வதும் இயற்கையே.

மெய்யான அபாயத்தின் லக்ஷணங்கள் வேறு: முள் சிவப்புக் கோட்டை எட்டி இறங்க மறுத்தல், பானெட்டின் இடுக்கில் நீராவி எழுதல், கூலன்ட் கசிந்து இனிப்பு வாசனை வீசுதல். இவற்றினும் வஞ்சகமானது ஒன்றுண்டு: உஷ்ணத்தை உணரும் கருவி திரவத்தில் மூழ்கியிருந்தாலன்றிச் சரியாக அளவிடாதாகையால், கூலன்ட் வடிந்துபோன எஞ்சின் தகித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழிறங்கி நிற்கக்கூடும். ஆதலின், சந்தேகம் எழுந்தவுடன் ஏ.சி.யை அணைத்து, வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓய்த்து, அது நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால், அழுத்தம் நீங்கிய க்ஷணத்திலேயே உள்ளிருக்கும் நீர் கொதித்துப் பொங்கி முகத்தில் பாய்ந்துவிடும்.