காதில் மைத்துனர், சாலையில் சிறுமி

அண்மையில் நண்பர் ஒருவருடைய மோட்டாரில் செங்கற்பட்டுக்குப் பிரயாணமானேன். வழியில் அவருடைய டெலிபோன் ஒலித்தது. "பயப்படாதீர், ஐயா! கையால் தொடவே வேண்டாம், கருவி காதிலேயே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, மைத்துனருடன் நில விவகாரம் பேசலானார். கைகள் இரண்டும் சக்கரத்தின் மீது. கண்களும் சாலையின் மீதுதான். ஆயினும், புத்தகப் பையுடன் குறுக்கே வந்த சிறுமியை அவர் காணவில்லை! நான் கூச்சலிட்ட பிறகே பிரேக்கை மிதித்தார். வண்டிக்கும் அவளுக்கும் இடையே ஒரு முழந்தான் மிச்சம்.

அமெரிக்காவில் யூட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் என்னும் இரு அறிஞர்கள் இவ்விஷயத்தைப் பரீட்சித்து 2001-ல் முடிவை வெளியிட்டனர். டெலிபோனில் பேசுகையில், ஓட்டுவோர் தவறவிட்ட சிக்னல்கள் இரு மடங்காயினவாம். கருவியைக் கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பலன் ஒன்றே! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறதே! பக்கத்தில் அமர்ந்து பேசுகிறவனாவது எதிரே மாட்டைக் கண்டால் வாயை மூடுவான். எங்கோ இருக்கும் மைத்துனருக்கு மாடு தெரியுமா, சிறுமி தெரிவாளா?

திரும்பும்போது நண்பர் டெலிபோனை என் மடியில் வைத்துவிட்டார். மைத்துனர் நான்கு முறை அழைத்தார். நில விவகாரம் அன்று தீரவில்லை.