பழைய பியட்டுக்குப் புதிய பம்பர்: பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

பழைய பியட் கார் ஒன்று. வண்ணம் மங்கவில்லை, எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்புகிறது. ஆனால் முன்னால் இருக்கும் பம்பர் மட்டும் துருவேறி, தோல் உரிந்து நிற்கிறது. புனேயில் இப்படிப்பட்ட கார்களை இன்னும் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. "பம்பரை மாற்றிவிட்டால் புதுக் கார் மாதிரி ஆகிவிடும்" என்பது அவர்கள் ஆசை.

ஆசை நியாயமானதுதான். ஆனால் பம்பருக்கு எங்கே போவது?

பம்பாயில் பிறந்த கார்

இந்தக் கார், பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் உருவானது. 1964-ல் 'பியட் 1100 டிலைட்' என்ற பெயரில் வெளிவந்தது. பிறகு 'பிரீமியர் பிரசிடெண்ட்' ஆயிற்று. 1974 முதல் 'பிரீமியர் பத்மினி' என்று அழைக்கப்பட்டது. கறுப்பு-மஞ்சள் டாக்சியாக பம்பாய்த் தெருக்களை ஆண்டதும் இதுதான். 2000-ஐ ஒட்டி உற்பத்தி நின்றது. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-ல் பதிவானது. டாக்சிக்கு உரிய 20 ஆண்டு வரம்பு முடிந்ததும், 2023 அக்டோபர் 30 முதல் அதுவும் ஓய்வு பெற்றது.

கம்பெனி நிறுத்திவிட்ட காருக்கு அசல் பம்பர் கிடைப்பது அரிது. புனே ஜூனா பஜார், மும்பை சோர் பஜார் போன்ற பழைய சாமான் சந்தைகளில் தேடலாம். இல்லாவிட்டால், பழையதைப் பார்த்துப் புதிதாக அடித்த நகல் பம்பரை வாங்க வேண்டும். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான்.

மேலே மினுக்கு, உள்ளே என்ன?

பம்பரின் பளபளப்பு குரோமியத்தால் வருவது. அந்தப் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருப்பதில்லை. தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு என்றுகூடச் சொல்ல முடியாது! துருவைத் தடுக்கும் உண்மையான கவசம், அதன் அடியில் இருக்கும் நிக்கல் பூச்சு. அதில் கஞ்சத்தனம் செய்தால் கடையில் தெரியாது. ஒரு மழைக்காலம் போனால் தெரியும்.

முலாம் பூசாமல், துருப்பிடிக்காத எவர்சில்வரில் செய்த பம்பர்களும் உண்டு. அவை நீண்ட நாள் உழைக்கும். ஆனால் குரோமியத்தின் நீல மினுக்கு அவற்றில் இராது.

வாங்கும்போது பம்பரைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் வெறும் தகடாக இருந்தால், பொருத்துவதற்கு முன்பே துருத்தடுப்பு பெயிண்ட் அடித்துவிட வேண்டும். பொருத்திய பிறகு அங்கே கை நுழையாது.

பொருத்துவது எப்படி?

முதல் நாள் இரவே பழைய போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். கழற்றும்போது எந்த வாஷர் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பம்பரைத் தாங்கும் கைகளை உற்றுப் பாருங்கள். எப்போதோ பட்ட இடியில் அவை வளைந்திருந்தால், புதுப் பம்பரும் கோணலாகத்தான் நிற்கும்.

பிறகு மட்காரின் ஓரத்தில் துணி ஒட்டி, இரண்டு பேராகத் தூக்கி வைக்க வேண்டும். எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் திருகுங்கள். தரையிலிருந்து இரண்டு முனைகளின் உயரத்தையும் அளந்து, இடைவெளி இருபுறமும் சமமா என்று பாருங்கள். சரியாக இருந்தால்தான் ஸ்பானரை எடுக்கலாம். நடுவில் தொடங்கி முனைகளுக்குப் போக வேண்டும்.

இடைவெளி விழுந்தால் வாஷர் வைத்து நிரப்புங்கள். போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்பர் நெளியும், முலாம் வெடிக்கும். துளை பொருந்தவில்லையா? தாங்கு கையில் உள்ள துளையை அரத்தால் சற்று நீட்டி, அந்த இடத்தில் பெயிண்ட் தடவலாம். காரின் உடலிலோ சட்டத்திலோ புதுத் துளை போடவே கூடாது.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த சொந்த வாகனத்தைப் 'பழம்பெரும் வாகனம்' என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1974-ல் வந்த பத்மினிகள் 2024-லேயே அந்த வயதை எட்டிவிட்டன. நகல் பம்பர் கிடைக்கவில்லை என்று குழாய்த் தடுப்பு மாட்டுவதும் ஆபத்து. அத்தகைய தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017-ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது.

தொட்டியருகே நிற்பவர்

பழைய பம்பரைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். தகடு கெட்டியாக இருந்தால், நிமிர்த்தி மறுபடி முலாம் பூசலாம். நகல் அளவு சரியா என்று பார்க்கவும் அதுவே சாட்சி.

முலாம் பூசும் வேலை சாமானியமானதல்ல. வழக்கமான குரோமியத் தொட்டியிலிருந்து எழும் அமிலப் புகை மூக்கின் நடுச்சுவரையே துளைத்துவிடும். அதில் உள்ள ஆறிணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கும். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச் சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன் அளவுக்கு இருந்தது.

புகையை இழுக்கும் விசிறி, ரப்பர் கையுறை, சாப்பாட்டுக்கு முன் கை கழுவத் தண்ணீர்: இவை முலாம் பட்டறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் கேட்டுப் பெற வேண்டியவை. வாங்குகிறவரும் ஒன்று கேட்கலாம். விலை மிகக் குறைந்த பம்பரில் மிச்சம் பிடித்தது நிக்கலிலா, தொழிலாளியின் கையுறையிலா?