பின்கள வீரரின் தலை

மாலை வேளையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் சென்றால் கால்பந்து ஆடும் சிறுவர்களைக் காணலாம். கோல் போட்டவரை எல்லோரும் தோளில் தூக்குவார்கள். கோல் விழாமல் காத்த பின்கள வீரரைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டார்கள். உயரே வரும் பந்தையெல்லாம் ‘ஹெட்’ அடித்து விரட்டுபவர் அவர்தான். அப்போது அவருடைய தலைக்கு என்ன நேர்கிறது?

ஜகார்த்தாவில் ஜர்னைல் சிங்

மோகன் பகான் அணியின் புகழ்பெற்ற பின்கள வீரர் ஜர்னைல் சிங். 1962 ஆசிய விளையாட்டில், தாய்லாந்துடன் நடந்த ஆட்டத்தில் அவர் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் ரஹீம் அவரை அரையிறுதியிலும் இறுதியிலும் முன்களத்தில் நிறுத்தினார். இரண்டு ஆட்டங்களிலும் ஜர்னைல் கோல் போட்டார். தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. 1964இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. அந்தத் துணிவை இன்றும் போற்றுகிறோம். ஆனால் அதே காயத்துக்கு இன்றைய மருத்துவர், தையல் போடுமுன் மூளை அதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

பந்து தரும் அடி

கால்பந்தின் நிறை சுமார் 430 கிராம். அது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்து, தலையில் பட்டு, 10 மீட்டர் வேகத்தில் திரும்புவதாகக் கொள்வோம். திசைவேக மாற்றம் 30. ஆகவே உந்த மாற்றம் 0.43 × 30 = 12.9 அலகு. பந்து தலையைத் தொட்டிருக்கும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் 15 பங்கு என்றால், சராசரி விசை 12.9 ÷ 0.015 = 860 நியூட்டன். ஏறத்தாழ 88 கிலோ எடையுள்ள ஒருவரைத் தாங்கும் விசை!

சரக்குப் பெட்டி காட்டும் வழி

ரயில் பாதையில் தனியாக நிற்கும் சரக்குப் பெட்டியை எஞ்சின் இடித்தால் அது துள்ளி ஓடும். பல பெட்டிகளைக் கோத்து வைத்து இடித்தால் வரிசை முழுவதும் சற்றே அசையும். விசை அதேதான், நிறை கூடியதால் முடுக்கம் குறைந்தது.

தலையின் நிறை சுமார் 5 கிலோ. கழுத்துத் தளர்ந்திருந்தால் தலை தனிப்பெட்டி. அதன் முடுக்கம் 860 ÷ 5 = 172, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 17 மடங்குக்கும் மேல். கழுத்தை இறுக்கி, நெற்றியால் பந்தை எதிர்கொண்டால் உடலும் தலையோடு சேர்ந்துகொள்கிறது; முடுக்கம் வெகுவாகக் குறைகிறது. சிறுவர்களுக்கோ உடலை நோக்கத் தலை பெரிது, கழுத்துத் தசை மெலிது.

மண்டைக்குள் மூளை

பேருந்து சட்டென்று நின்றால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? அதே நிலைமத்தால், மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மூளையும் பின்தங்கி அசைகிறது. தலை திரும்பிச் சுழன்றால் நரம்பிழைகள் இழுபடுகின்றன. ஒருமுறை அடித்தால் ஒன்றும் தெரியாது. இருபது ஆண்டுகள் தொடர்ந்து அடித்தால்?

கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து தொழில்முறை ஆட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்தனர். நரம்புச் சிதைவு நோயால் இறப்பது மற்றவர்களைவிட அவர்களிடையே சுமார் 3.5 மடங்கு இருந்ததாக 2019இல் தெரிவித்தனர். 2021இல் வந்த அடுத்த ஆய்வில், இத்தகைய நோய் காணும் அபாயம் பின்கள வீரர்களுக்கே மிகுதி, சுமார் 5 மடங்கு என்று தெரிந்தது. பந்தை அரிதாகவே தலையால் அடிக்கும் கோல் காப்பாளர்களுக்கு அபாயம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. தலையால் அடிப்பதே காரணம் என்று இது நேரடியாக நிறுவவில்லை. ஆனாலும் சந்தேகம் அந்தப் பக்கமே திரும்புகிறது. இதய நோயால் இறப்பது ஆட்டக்காரர்களிடம் குறைவு என்பதும் 2019 ஆய்வின் முடிவு. ஆகவே கால்பந்தைக் கைவிட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 10 வயதுக்கு உட்பட்டோர் ஹெட் அடிப்பதை 2015இல் தடை செய்தனர். நாமும் பயிற்சியில் அதைக் குறைக்கலாம். அடிபட்டபின் தலைவலி, மயக்கம், வாந்தி, பார்வை மங்கல், குழப்பம் இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே வெளியேறி மருத்துவரைப் பாருங்கள். அன்று மீண்டும் ஆடக்கூடாது. தோழன் “ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் அவனை ஆட விடாதீர்கள்.

ஒரு கணக்கு: பந்து 10 மீட்டர் வேகத்தில் வந்து 5 மீட்டர் வேகத்தில் திரும்பினால் விசை எவ்வளவு? (விடை: 430 நியூட்டன்)